சேர்வராயன் மலையும் சந்தன மரமும்

(நம் அறக்கட்டளையின் விழாவை ஒட்டி ஏற்காட்டில் கூடிய குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சேர்வராயன் கோயில் அமைந்த உச்சியை நீங்கள் எல்லோரும் கண்டு வந்திருக்கிறீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரம். குகை போன்ற குறுகிய கோயிலுக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கிறார்கள். கோடையில், மே மாதத்தில், இம்மலையில் வாழும் மலையாளி மக்கள் திரண்டு வந்து விழா எடுக்கிறார்கள். அவ்விடத்தில் நின்று பார்த்தால் நான்கு புறமும் மலைச்சரிவுகள் தெரியும். அச்சரிவுகளில் வளரும் மரம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள்.

எந்த மரத்தைப் பேசுவது? இம்மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய மரம் ஒன்று உண்டு. 1920ஆம் ஆண்டில் கேம்பிள் என்னும் தாவரவியல் அறிஞர் அதற்கு ‘வெர்னோனியா சேர்வராயென்சிஸ்’ என்று பெயர் சூட்டினார். சூரியகாந்தியின் குடும்பத்தில் பிறந்து மரமாக வளர்ந்த அரிய இனம் அது. அதைப் பேசலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் நாம் நாள்தோறும் நெற்றியில் இடுகிறோம், இறைவன் திருமேனியில் சாத்துகிறோம், திருமண வீட்டு வாயிலில் கிண்ணத்தில் வைத்து வரவேற்கிறோம். அப்படியிருந்தும் அதன் மரத்தை நேரில் கண்டால் நம்மில் பலருக்கு அடையாளம் தெரியாது. அந்த மரத்தைப் பேசுவதே இவ்வவைக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தேன். அதுதான் சந்தனம்.

சந்தனம் அரிய மரமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். கடைதோறும் சந்தனம் விற்கிறதே என்பார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998ஆம் ஆண்டிலேயே இதனை அழிவாய்ப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சேர்வராயன், சவ்வாது, சித்தேரி என்று பழைய சேலம், வடார்க்காடு மாவட்டங்களின் மலைகள் சந்தனத்துக்குப் பெயர் பெற்றவை. இன்று அங்கே கன்றுகள் உண்டு, இளமரங்கள் உண்டு. முற்றி வைரம் பாய்ந்த மரம் என்று ஒன்றைக் காண்பதுதான் அரிது. இது ஏன் நேர்ந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் அம்மரத்தின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அதைத்தான் இன்று உங்கள்முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

நம் இலக்கியங்கள் இதனை ஆரம் என்றும் சாந்தம் என்றும் வழங்குகின்றன. சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் மலைவாணர்கள் செங்குட்டுவனுக்குக் கொண்டுவந்து வைத்த கையுறைகளில் சந்தனமும் ஒன்று. அங்கே இளங்கோவடிகள் ‘குறை’ என்னும் சொல்லை ஆள்கிறார். குறை என்றால் வெட்டிய துண்டு. அரசன்முன் வந்தது மரமன்று, அறுக்கப்பட்ட கட்டை. நகரத்தார் அன்றும் சந்தனத்தைக் கட்டையாகவே கண்டார்கள், இன்றும் அப்படியே காண்கிறோம்.

மரத்தைக் காணாமல் மணத்தை மட்டும் அறிந்ததால் ஒரு கற்பனை வளர்ந்தது. பொதிய மலைத் தென்றல் சந்தனக் காட்டில் புகுந்து மணத்தை அள்ளி வருகிறது என்றார்கள். மணத்துக்கு மயங்கிப் பாம்புகள் அம்மரத்தைச் சுற்றிக் கிடக்கின்றன என்றார்கள். சந்தனத்தின் அருகில் நிற்கும் வேம்பும் சந்தனமாகும் என்று வடமொழியாரும் பாடினார்கள். கவிதை என்ற அளவில் அவை இன்பம் தருவன. உண்மை வேறு. நிற்கின்ற சந்தன மரத்துக்கு மணம் கிடையாது. இலையைக் கசக்கி முகர்ந்தால் பச்சிலை வாடைதான் வரும். பூவுக்கு மணமில்லை. பட்டைக்கு மணமில்லை. பட்டையை அடுத்த வெண்மையான கட்டைக்கும் மணமில்லை.

நான் பணியில் இருந்த காலத்தில், மூதுரையில் வரும் சந்தனக் குறட்டின் உவமையை நடத்தும்போதெல்லாம், “இம்மரத்தின் எந்தப் பகுதி மணக்கும்?” என்று வகுப்பில் கேட்பது வழக்கம். ஊர்ப் பிள்ளைகள் பூ என்பார்கள், இலை என்பார்கள். ஒருமுறை மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் எழுந்து, “நடுவுலதாங்க ஐயா மணக்கும். வேர்ல இன்னும் சாஸ்திங்க” என்றான். தாவரவியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவன் இரண்டு தொடர்களில் சொல்லிவிட்டான்.

தொல்காப்பியர் மரபியலில் மரத்துக்கும் புல்லுக்கும் வேறுபாடு கூறுமிடத்து, உள்ளே வைரம் உடையது மரம் என்றும் புறத்தே வைரம் உடையது புல் என்றும் வகுத்தார். காழ் என்பது அவர் சொல். தென்னையும் பனையும் மூங்கிலும் வெளியே வன்மை கொண்டவை. ஆகவே அவை புல்லினம். அகத்தே காழ் கொண்டவையே மரம். இந்த இலக்கணத்துக்குச் சந்தனத்தைக் காட்டிலும் பொருத்தமான இலக்கியம் இல்லை என்பது என் எண்ணம். அதன் பெருமை முழுவதும் அந்த அகக்காழில் அடங்கியிருக்கிறது. வெளியே அது மிக எளிய மரம்.

எவ்வளவு எளிய மரம் என்பதைப் பாருங்கள். நடுத்தர உயரம்; நன்கு வளர்ந்தால் நாற்பது, ஐம்பது அடி. பேருருவம் கொண்ட ஆலையோ, நிமிர்ந்து உயர்ந்த தேக்கையோ எண்ணிக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. ஆண்டு முழுவதும் இலை உதிராமல் பசுமையாக நிற்கும். கிளைகள் மெலிந்தவை, நுனி சற்றே தாழ்ந்து தொங்கும். இளமரத்தின் பட்டை வழவழப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கருஞ்சாம்பல் நிறமோ கரும்பழுப்பு நிறமோ கொண்டு, நெடுக்குவாட்டில் ஆழமாக வெடிக்கும். அந்த வெடிப்பின் உட்புறம் செம்மை படர்ந்திருக்கும். முதிர்ந்த மரத்தை அடையாளம் காண இது நல்ல குறி.

இலைகள் காம்பில் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்தவை. ஓர் இணை கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த இணை வடக்கு தெற்காக நிற்கும். இலையின் வடிவம் முட்டை போன்று தொடங்கி நுனியில் கூம்பும். விளிம்பில் பல் இல்லை. ஆனால் மெல்லிய அலை போன்ற நெளிவு உண்டு. மேற்புறம் பளபளக்கும் பச்சை, கீழ்ப்புறம் சற்று வெளிறிய பச்சை. நீளம் நம் விரலளவுதான். ஆனால் ஒன்று, ஒரே மலையில் உள்ள இரண்டு சந்தன மரங்களின் இலைகூட ஒத்திராது. ஒன்றில் அகன்றிருக்கும், ஒன்றில் குறுகியிருக்கும். ஆகவே இலையை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது.

பூவை உற்று நோக்க வேண்டும். மிகச் சிறியது, கொத்தாக மலர்வது. சிறு மணி போன்ற வடிவில் நான்கு இதழ்கள் விரியும். நான்கு மகரந்தத் தாள்கள் நிற்கும். இதில் ஒரு விந்தை உண்டு. மலரும்போது பூ வைக்கோல் நிறத்தில், வெளிறிய மஞ்சளாக இருக்கும். பிறகு சிவக்கத் தொடங்கி, கடைசியில் அரக்கு நிறமாகிவிடும். ஒரே கொத்தில் மஞ்சளும் அரக்கும் கலந்து நிற்பதைக் காணலாம். ஆண்டில் இருமுறை பூக்கும் மரம் இது. பங்குனி, சித்திரையை ஒட்டி ஒரு பருவம், மழைக்காலத்தை ஒட்டி மறு பருவம். தேனீயும் ஈயும் பட்டாம்பூச்சியும் அதை நாடி வருகின்றன. ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்தில் காய்பிடிப்பது அரிது. அயலில் மற்றொரு சந்தன மரம் இருந்தால்தான் நன்றாகக் காய்க்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனித்து விடப்பட்ட மரம் பூத்தாலும் அதற்கு வழித்தோன்றல் குறைவு.

பழம் சிறிய நாவற்பழம் போல உருண்டு, பச்சையிலிருந்து சிவந்து, கருநீலமாகக் கனியும். தலையில் வளையம் போன்ற தழும்பு இருக்கும். பூவின் இதழ்கள் நின்ற இடம் அது. சதை மெல்லியது, இனிப்பானது. உள்ளே ஒரே விதை. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஆறாயிரம் விதைகள் நிற்கும். விதையைச் சுற்றியுள்ள கடினமான ஓடு விதையின் தோல் அன்று, பழத்தின் உட்சுவர். சந்தன விதைக்கு உண்மையான தோலே கிடையாது என்பது தாவரவியலார் வியந்து குறிக்கும் செய்தி. குயிலும் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் பழத்தைத் தின்று, விதையை வேறொரு மரத்தடியிலோ முட்புதரிலோ போட்டுவிடும். சந்தனக் கன்று எப்போதும் ஏதேனும் ஒரு செடியின் நிழலில் முளைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. அது அக்கன்றுக்கு எவ்வளவு நல்லது என்பதை வேரைப் பற்றிப் பேசும்போது காண்போம்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். செஞ்சந்தனம் என்றும் செம்மரம் என்றும் செய்தித்தாள்களில் அடிபடும் மரம் இதற்கு உறவே அன்று. அது வேங்கை மரத்தின் இனம். ஒரு காம்பில் மூன்று இலைகள், மஞ்சள் பூ, தட்டையான வட்டக் காயைச் சுற்றி இறக்கை போன்ற விளிம்பு, குருதி நிறக் கட்டை, மணம் இல்லை. திருப்பதியைச் சூழ்ந்த சேசாசல மலைகளே அதன் தாயகம். பெயரில் சந்தனம் ஒட்டிக்கொண்டதே தவிர உடலில் எந்த ஒற்றுமையும் இல்லை.

இப்போது மரத்தின் உள்ளே நுழைவோம். பட்டையை நீக்கினால் முதலில் வருவது வெள்ளைக் கட்டை. வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்லும் உயிருள்ள பகுதி அதுவே. அதற்கும் உள்ளே, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் தொடங்கி ஆண்டுகள் செல்லச் செல்லக் கரும்பழுப்பாக அடர்வதுதான் வைரக்கட்டை. எண்ணெய் சேர்வது அங்கேதான். சாண்டலால் எனப்படும் வேதிப்பொருள் இரு வகையாக அந்த எண்ணெயில் பேரளவு நிறைந்திருக்கிறது. நாம் சந்தன மணம் என்று சொல்வது அதன் மணம்.

இந்த வைரம் உடனே உண்டாவதில்லை. கன்று முளைத்துப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே உள்ளே நிறம் மாறத் தொடங்கும். பயன் தரும் அளவுக்கு முற்ற முப்பது ஆண்டுகளாவது ஆக வேண்டும். அப்போதும் அடிமரத்தில் அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகி, கிளைகளில் மெல்லிய கம்பி போல் முடியும். நல்ல மண்ணில், தண்ணீர் வளத்தில் வளர்ந்த மரம் விரைவில் பருக்கும். ஆனால் அதற்குள் வைரம் குறைவு. சரளையும் பாறையும் கலந்த வறண்ட சரிவில் மெல்ல வளர்ந்த மரத்தில்தான் வைரம் நெருக்கமாகப் பாயும். அறுநூறு முதல் ஆயிரத்து இருநூறு மீட்டர் வரை உயரமுள்ள இடங்கள் அதற்கு மிகவும் உகந்தவை. கோயில் நிற்கும் காற்று மோதும் மொட்டை உச்சி அதற்குரிய இடமன்று. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தோமே, அச்சாலையின் நடுப்பகுதி கடந்து செல்லும் உயரம் அதற்குரியது. மேலே, 1820களில் காக்பர்ன் என்னும் கலெக்டர் கொண்டுவந்த காப்பிச் செடியும், அதற்கு நிழல் தர வந்த ஆஸ்திரேலிய சில்வர் ஓக் மரமும் இடம் பிடித்துக்கொண்டன. கீழே முட்புதர் மண்டிய வறள் சரிவுகளே சந்தனத்துக்கு எஞ்சின. அதற்கு அதுவே போதும்.

வேரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இதுதான் இம்மரத்தின் உடலமைப்பில் எல்லாவற்றினும் வியப்பானது. சந்தனத்தின் வேர் மண்ணுக்குள் நீண்டு சென்று அயல்மரத்தின் வேரைத் தேடும். கண்டதும் அதன்மேல் சிறு குமிழ் போன்ற உறிஞ்சு வேரைப் பதிக்கும். மணி போன்ற அந்த உறுப்பு அயல்வேரைக் கவ்வி, உள்ளே துளைத்து, அதன் நீர்க்குழாயோடு தன் குழாயை இணைத்துக்கொள்ளும். 1871ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜான் ஸ்காட் என்பவர் இதனைக் கண்டறிந்து வெளியிட்டார். பின்னர், சென்னை மாகாண அரசின் தாவரவியலராக இருந்த பார்பர், 1906ஆம் ஆண்டை ஒட்டி அந்த உறிஞ்சு வேரின் அமைப்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கோவையில் கரும்பு ஆராய்ச்சிக்கு வித்திட்ட அதே பார்பர்தான். புல் முதல் பெருமரம் வரை முந்நூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகளின் வேர்களில் சந்தனம் பற்றுவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் அது திருடனா? அவ்வாறு சொல்வது முறையன்று. சந்தனத்துக்குப் பச்சை இலை உண்டு. வெயிலில் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அயலாரிடம் பெறுவது பெரும்பாலும் நீரும் தாது உப்புகளும். முழு ஒட்டுண்ணி அன்று, பாதி ஒட்டுண்ணி. ஆயினும் அந்தப் பாதி இல்லாமல் அது வாழாது. தொட்டியில் தனியே நட்ட சந்தனக் கன்று சில மாதங்களில் வெளிறி, வளர்ச்சி நின்று, பட்டுப்போவதைப் பலர் கண்டிருப்பீர்கள். தண்ணீர் குறைந்தது என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுவார்கள். அதனால் விரைவில் அழுகும். அதற்கு வேண்டியிருந்தது தண்ணீரன்று, துணை.

அருகில் நிற்கும் மரங்களுக்கெல்லாம் சந்தனம் தன் மணத்தைக் கொடுக்கிறது என்று பாடினார்கள் அல்லவா? மண்ணுக்கு மேலே யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. மண்ணுக்குக் கீழே சந்தனம் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டிருக்கிறது. வேம்பும் கருவேலும் பெயர் தெரியாத புதர்களும் தந்த நீரில்தான் அந்த வைரம் விளைகிறது. கவிஞர்கள் உறவைச் சரியாகக் கண்டார்கள். கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

சரி, இம்மரம் ஏன் அரிதாயிற்று? மேலே சொன்ன மூன்று செய்திகளைச் சேர்த்துப் பாருங்கள். எண்ணெய் மிகுதியாக இருப்பது வேரில். வேறு மரத்தை வெட்டினால் அடிக்கட்டை நிற்கும், அதிலிருந்து துளிர் வரும். சந்தனத்தை முறைப்படி எடுக்கும்போது வெட்டுவதில்லை. வேரோடு அகழ்ந்து எடுக்கிறார்கள்.  மீண்டும் துளிர்க்க அங்கே அடிக்கட்டை எஞ்சுவதில்லை. இரண்டாவது, வெளியே நின்று பார்த்தால் உள்ளே வைரம் உண்டா என்பது தெரியாது. வனத்துறையினர் துளைப்பான் கொண்டு சிறு துளையிட்டு அறிவார்கள். இரவில் வருபவன் அறுத்தே பார்ப்பான். உள்ளே வெள்ளையாக இருந்தால் அப்படியே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவான். எட்டு வயது மரமும் பத்து வயது மரமும் அவ்வாறு வீணாக மாய்கின்றன. மூன்றாவது, எஞ்சி நிற்கும் தனி மரம் அயல் மகரந்தம் இன்றி நன்றாகக் காய்ப்பதில்லை.

நோயும் சேர்ந்துகொண்டது. 1899இல் குடகுப் பகுதியில் ஒரு கொடிய நோய் பதிவாயிற்று. ஸ்பைக் நோய் என்பார்கள். இலைகள் ஆண்டுக்காண்டு சிறுத்து, விறைத்து, கிளையில் முட்கள் குத்தி நிற்பதுபோல் காணும். பூப்பது நின்றுபோகும். ஓரிரு ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர் அதற்குக் காரணம். பூச்சிகள் அதைப் பரப்புகின்றன. பட்ட மரத்துக்கு மருந்து இன்றுவரை இல்லை.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. நன்மை கருதியே செய்தது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். (அரச மரம் என்று சொல்லியிருப்பேன், அப்படிச் சொன்னால் உங்களுக்கு வேறொரு மரம் நினைவுக்கு வந்துவிடும்.) பின்வந்த ஆட்சிகளும் அவ்வழியே சென்றன. உன் நிலத்தில் முளைத்தாலும் மரம் உன்னுடையதன்று, ஆனால் அது களவு போனால் நீ பதில் சொல்ல வேண்டும் என்றால் உழவன் என்ன செய்வான்? பறவை போட்ட விதை வரப்பில் முளைத்ததும் பிடுங்கி எறிந்துவிடுவான். அவனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கர்நாடகம் 2001ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2002ஆம் ஆண்டிலும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்கு உடையவருக்கே உரியது என்று ஆக்கின. வெட்டவும் விற்கவும் இன்றும் வனத்துறையின் இசைவு வேண்டும். எடுத்த கட்டை சேலம், திருப்பத்தூர், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களில் உள்ள அரசுக் கிடங்குகளில் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்கு வரும். கட்டை, வேர், சீவல், சிராய், தூள் என்று அத்தரங்கள் விரியும். தூளைக்கூட யாரும் கீழே விடுவதில்லை.

இதை இவ்வளவு விரிவாக நம் அவையில் ஏன் சொல்கிறேன்? நம் பூசைப் பொருள்களில் நீருக்கு அடுத்து வருவது சந்தனம். அட்சதையும் மலரும் அதற்குப் பின்புதான். ஆயினும் மரத்தை ஓரறிவுயிர் என்று எண்ணி நடப்பவர்கள் நாம். காட்டை வெட்டி விற்றுப் பிழைக்கும் தொழிலை இல்லறத்தார் நீக்க வேண்டியவற்றுள் ஒன்றாக நம் சிராவக நூல்கள் வைத்திருக்கின்றன. முப்பது ஆண்டு நின்ற ஓர் உயிரை வேரோடு அகழ்ந்து வந்ததைத் திருமேனியில் சாத்தும்போது எழும் கேள்வி நமக்கு உரிய கேள்வி. சந்தனம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அளவைப் பற்றியே சொல்கிறேன்.

நம் பாட்டிமார்கள் காலத்தில் வீட்டுக்கு ஒரு சந்தனக்கல் இருந்தது, ஒரு கட்டை இருந்தது. நீர் தெளித்து அரைத்தால் ஒரு கரண்டிக் காம்பளவு சாந்து வரும். அன்றைக்கு அதுவே போதும். ஒரு சாண் கட்டை மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்து, அவள் மருமகளுக்கும் சென்றது. தேய்ந்தாலும் மணம் குன்றாது என்று பாடியது அந்தக் கட்டையைப் பார்த்துத்தான். இன்று கிலோக் கணக்கில் பொடி வாங்கிக் கரைத்துச் சாத்துகிறோம். மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் அந்தப் பொட்டலத்துக்குள் சந்தனம் எவ்வளவு என்பதை அதன் விலையே சொல்லிவிடும். அது மரத்தூளும் வாசனைச் சரக்கும் மஞ்சள் சாயமுமாக இருந்தால், நாம் சாத்தியது சந்தனமும் அன்று. உண்மையான கட்டையாக இருந்தால், அவ்வளவு சாத்துவது தேவையும் அன்று. நம் கோயில்களில் கல்லும் கட்டையும் மீண்டும் வந்தால், அபிடேகத்துக்கு ஒரு கிண்ணம் அரைத்த சாந்து போதும். இளைஞர்கள் முறைவைத்து அரைக்கலாம். கை வலிக்கும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் பலருக்கு நிலம் உண்டு. அதனால் நடுவதைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். நெல் விளையும் நன்செய் இதற்கு ஆகாது. நீர் தேங்கினால் வேர் அழுகும். செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலம், கிணற்று மேடு, வேலியோரம் பொருந்தும். விதையைப் பறித்தவுடன் போட்டால் முளைக்காது. இரண்டு மாத உறக்கம் உண்டு. ஆகவே வனத்துறை நாற்றங்காலில் ஏழெட்டு மாதக் கன்றாக வாங்குவதே எளிது. வாங்கும்போது பையைப் பாருங்கள். கூடவே ஒரு துவரைச் செடி நிற்க வேண்டும். அதுதான் முதல் துணை. துணையில்லாத பையை வாங்க வேண்டாம். நட்டபின் ஓராண்டுக்குள் அருகில் அகத்தியோ சவுக்கோ புங்கமோ வைத்துவிட வேண்டும். துவரையின் ஆயுள் குறைவு, சந்தனத்தின் ஆயுள் நீண்டது. ஒன்றாக நடாமல் நான்கைந்து கன்றுகளைச் சிறு இடைவெளி விட்டு நடுங்கள்; காய்ப்பதற்கு அயல் மகரந்தம் வேண்டும் என்பதை முன்னரே சொன்னேன். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் மரங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிற்காலத்தில் வரும் வழக்குகள் பாதி அதனால் குறையும்.

இன்னொன்று, மகளிர் கவனிக்க வேண்டியது. வீட்டில் செடியைப் பார்ப்பவர்கள் அவர்களே. பையில் இருக்கும் துவரை விரைந்து வளரும். அது சந்தனக் கன்றின் தலைக்கு மேல் சென்றால் நிழல் கவிந்து கன்று நின்றுவிடும். எனவே துவரையின் கொழுந்தை வாரம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். பிடுங்கிவிடாதீர்கள்; கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும்.